மெல்ல மெல்ல என்றான் முகுந்தன்

தொண்ணூற்றொன்பதில் ஆற்றுகால் கோயில் பொங்காலைத் திருவிழா கழிந்த மறுவாரம். காலை டிபன் கூட்டம் ஒழிந்ததும் முகுந்தன் எங்களைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் வரிசையாக நிறுத்தினான். எங்கள் ஓட்டல், மலையாளத்துச் சீமையில் சாலை என்று பெயர் கொண்ட கடைவீதியில் இருக்கிறது. அதில் அப்போதே முப்பத்துநாலு வருடமாக நான் சப்ளையர். முகுந்தன், முதலாளி அழகியநம்பியின் ஒரே மகன். வியாபாரம் செய்வது எப்படி என்று கோயம்புத்தூரில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருந்தான். அப்பன் வியாபாரம் செய்த காசில்தான் படித்தான். அப்பன் அதை எங்கேயும் போய்ப் படிக்கவில்லை.

வரிசை என்று சொன்னாலும் நின்றது மூன்று பேர்தான். நான், என்னோடு சப்ளை பார்த்த ஷிஜு என்ற இருபத்திரண்டு வயதுக்காரன், மேசை துடைக்கும் தங்கபாய். சமையல்காரர்களை அவன் கூப்பிடவில்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கத்தி ஆட்டுக்குத்தான் வருகிறது, கசாப்புக்காரனுக்கு இல்லை.

“நம்ம கடையில இனிமே செல்ஃப் சர்வீஸ். பயப்படாதீங்க. ஒரேயடியா இல்ல. ஃபேஸ் இன் பண்ணப் போறோம்” என்றான்.

“அது என்னது மக்கா, ரொட்டியா?” என்று கேட்டாள் தங்கபாய்.

முகுந்தன் சிரித்தான். எங்களைப் போன்றவர்களுக்கு விளக்குவதற்கென்றே தயார் செய்து வைத்த சிரிப்பு அது. “ஃபேஸ் இன்னா படிப்படியா கொண்டு வரது. கட்டம் கட்டமா. கொஞ்சம் கொஞ்சமா. மெல்ல மெல்ல.” ஷிஜுவின் பக்கம் திரும்பி, “கிரமேண, கேட்டோ?” என்று மலையாளத்திலும் ஒன்றை எடுத்து வைத்தான்.

ஒரு சொல்லுக்கு இத்தனை பெயர் இருந்தால் எனக்குப் பிடிக்காது. போலீஸ் ஸ்டேஷன் பலகையில் திருடன் படத்துக்குக் கீழேதான் ஓர் ஆளுக்கு நாலு பெயர் எழுதியிருப்பார்கள்.

அவன் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னான். முதல் கட்டம், காப்பியும் டீயும். டோக்கன் வாங்கி அவனவன் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து இரண்டாம் கட்டம், டிபன். ஓணம் முடிந்து மூன்றாம் கட்டம், மத்தியானச் சாப்பாடு.

“அதுல நான் எந்தக் கட்டத்துல போவேன்?” என்று கேட்டேன்.

“யாரும் போகல அண்ணாச்சி.”

“எல்லாத்தையும் அவனவனே எடுத்துக்கிட்டா எனக்கு இங்க என்ன சோலி?”

“அதெல்லாம் அந்தந்தக் கட்டத்துல பாத்துக்கிடலாம். மெல்ல.”

எனக்கு அப்போது அறுபத்தொன்று. கடைக்கு மேலே அரிசி மூட்டைக்கும் விறகுக்கும் நடுவில் என் பாய் கிடந்தது. இந்த வேலை போனால் கோட்டாற்றில் மகன் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே மருமகள் காப்பியை டம்ளரில் ஊற்றி, தூரத்தில் நகர்த்தி வைப்பாள். “மாமா, காப்பி” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். முப்பத்துநாலு வருடம் ஊரானுக்கெல்லாம் முகம் பார்த்துப் பரிமாறியவன், சுவர் கொடுக்கிற காப்பியைக் குடிக்க மாட்டான். அதற்குச் சாலையில் மூட்டைக்கு அடியில் கிடந்து சாகலாம். முகுந்தனின் கட்டங்களை நான் இதை வைத்துத்தான் அளந்தேன்.

முதல் கட்டம் மறுநாளே தொடங்கியது. ஆரியசாலை மொத்தக்கடைச் செட்டியார் டோக்கனை வாங்கிக்கொண்டு வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பஸ் டிக்கெட் போல அதை விரலிடுக்கில் செருகிக்கொண்டு பேப்பர் படித்தார். கால்மணி நேரம் கழித்து, “ஏன்வே, பாலு கறக்க ஆளு போயிருக்கா?” என்று கேட்டார். எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று முகுந்தன் பணிவாகச் சொன்னான். அவர் டோக்கனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முகுந்தன் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டான். ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குக் கோயம்புத்தூரில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

டம்ளரை எடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் திருப்பி வைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. தொட்டி விளிம்பில், ஜன்னல் கட்டையில், சாமி படத்துக்கு முன்னால், வெளியே நின்ற ஸ்கூட்டர் சீட்டில் எல்லாம் டம்ளர். தங்கபாய் தெரு முழுக்கப் பொறுக்கினாள். “இவன் படிச்ச படிப்புக்கு நான் முட்டையிடுத கோழி மாதி அலையுதேன்” என்றாள்.

எனக்கு அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. வலியசாலை அக்ரகாரத்திலிருந்து ரிட்டயர்டு சாமி ஒருவர் தினமும் வருவார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் மத்தியானச் சாப்பாடும் எங்களிடம்தான். முப்பது வருடம் இங்கிலீஷில் கடிதம் எழுதியே பென்ஷன் வாங்கியவர். அவரிடம் கேட்டேன்.

“சாமி, இந்த ஃபேஸ் இன்னு சொல்லுதானே, நெசமாவே மெல்லத்தானா?”

“மெல்லத்தான் ஓய். ஒண்ணைப் புதுசாப் பழக்கப்படுத்தறது. திடுக்குன்னு பண்ணாம, ஜனங்களுக்குத் தெரியாம உள்ளே நுழைக்கறது.”

“தெரியாமையா?”

“நோகாமன்னு வச்சுக்கும்.”

“அது எப்ப முடியும்னு அந்தச் சொல்லுக்குள்ள இருக்கா?”

சாமி யோசித்தார். “இல்லை. ஆரம்பம் இருக்கு, முடிவு இல்லை. ஆபீஸ்ல நாங்க அதுக்காகவே அதை எழுதுவோம்.”

படித்தவர்களில் உண்மை பேசுகிறவன் ரிட்டயர்டு ஆனவன் மட்டும்தான். அதற்கு முன்னால் பேசினால் பென்ஷன் போய்விடும்.

பத்து நாளில் ஷிஜு தம்பானூரில் ஒரு பேக்கரிக்குப் போய்விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. டீ, காப்பி நேரத்தில் வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நின்றவனை முகுந்தன் நாளுக்கு நாலு தடவை பார்த்தான். அவ்வளவுதான். வெட்டென்று போகச் சொன்னால் சண்டை வரும், யூனியன் வரும். மெல்ல மெல்ல என்றால் அவனவன் தன் செருப்பைத் தானே தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவான். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை யாருக்காகச் செய்தார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கோயம்புத்தூர் லாரி. தார்ப்பாயை அவிழ்த்தால் உள்ளே மேசைகள். ஒவ்வொன்றும் நெஞ்சு உயரத்துக்கு ஒற்றைக் குழாய்க் காலில் நின்றது. மேலே வட்டமாக எவர்சில்வர் தகடு. எண்ணினேன். இருபத்துநாலு. கூடவே சாக்குச் சாக்காகக் குழித்தட்டு. சோற்றுக்கு ஒரு பள்ளம், குழம்புக்கு ஒரு பள்ளம் என்று அடித்து வைத்திருந்த தட்டு.

நான் நேராகக் கல்லாவுக்குப் போனேன். “தம்பி, இது எத்தனாவது கட்டம்?”

அவன் முகம் கொஞ்சம் கறுத்தது. “லாரி வாடகை ஒண்ணுதானே அண்ணாச்சி. அதான் எல்லாத்தையும் சேத்து வரவச்சேன். போடுறது மெல்லத்தான் போடுவோம்.”

“தட்டுமா?”

“தட்டும்தான்.”

“உக்காருத நாற்காலிய எங்க வைக்கப் போறீரு?”

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடித்ததை நான் கேட்கவில்லை.

சாலையில் ஒரு முறை உண்டு. லாரியிலிருந்து ஒரு தீப்பெட்டிக் கட்டை இறக்கவேண்டும் என்றாலும் சங்கத்துச் சுமைகூலிகளான சுமட்டுத் தொழிலாளிகள்தான் இறக்கவேண்டும். அது அவர்கள் உரிமை. கடைக்காரன் தன் சரக்கைத் தானே தொட்டாலும் சண்டைதான். எங்கள் பகுதிக்குத் தலைவன் சாம்பசிவன். தலையில் சிவப்புத் துண்டும் நெற்றியில் சந்தனமும் வைத்த ஆறடி ஆள். அவனும் கூட்டாளிகளும் பன்னிரண்டு பேர் தினமும் ஒரு மணிக்கு எங்கள் கடையில்தான் சாப்பிடுவார்கள். பதினைந்து வருடமாக நான் பரிமாறுகிறேன். ஆளுக்கு நாலு தடவை சோறு கேட்பார்கள்.

சாம்பசிவன் ஒரு மேசையைத் தூக்கிப் பார்த்தான். “இது எந்துவா அண்ணாச்சி? இதுக்குக் கசேர எவிடே?”

“கசேர கிடையாது. நின்னு திங்கதுக்கு உள்ளது.”

“யாரு?”

“நீருதான். வேற யாரு?”

அவன் மேசையைக் கீழே வைத்தான். “வெளுப்பான் காலத்து நாலு மணி முதல் நின்னு சுமக்குந்நவன், உச்சைக்கும் நின்னுகிட்டா சோறு திங்கணும்? கொள்ளாமே, நல்ல கதை!” கூட்டாளிகளைப் பார்த்துக் கத்தினான். “எடா, எறக்கியது மதி, நிறுத்து.”

முகுந்தன் ஓடி வந்தான். “மெல்ல மெல்லத்தான் மாத்தப் போறோம் சேட்டா, ஒரேயடியா இல்ல” என்று பதறினான்.

“அப்படியா? நாங்களும் அப்படி இறக்கித் தரலாம். இன்னு ஒண்ணு. அடுத்த வாரம் ஒண்ணு. ஓணத்துக்குள்ள கழியும், கேட்டோ?”

தெருவே சிரித்தது. பின்னால் வந்த பருப்பு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அதற்குப் பின்னால் வெங்காய லாரி. முகுந்தன் ஆத்திரத்தில் ஒரு மேசைக் காலைப் பிடித்து இழுத்தான். நாலு பேர் ஒரே நேரத்தில் “தொடாதே!” என்றார்கள். கையைச் சுட்டுக்கொண்டவன் போல விட்டுவிட்டான்.

நான் தொட்டிப் பக்கம் சாய்ந்து நின்று பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். முப்பத்துநாலு வருடத்தில் எனக்காக ஒருவன் வாயைத் திறந்தான் என்று நினைத்தேன். நாற்காலி கடையில் நின்றால் நானும் நிற்பேன் என்று கணக்குப் போட்டேன். எந்த மடையனும் போடுகிற கணக்குத்தான்.

முதலாளி அழகியநம்பியை வீட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சர்க்கரை வியாதியில் ஒரு கால் வீங்கி, செருப்புக்குப் பதில் துணி சுற்றியிருந்தார். மகனைப் பார்க்காமல் சாம்பசிவனைப் பார்த்தார்.

“எய்யா, உமக்கு என்ன வேணும்?”

“ஞங்களுக்கு உக்காந்து உண்ணணும். அவ்வளவே ஒள்ளு.”

“பின்பக்கம் நீள மேசை ரெண்டும் பெஞ்சும் அப்படியே கிடக்கட்டும். உங்க ஆளுகளுக்குத்தான். போதுமா?”

“மதி.”

இருபது நிமிடத்தில் இருபத்துநாலு மேசையும் உள்ளே வந்துவிட்டது. தட்டுச் சாக்கையும் அவர்களே தூக்கி வந்தார்கள்.

நான் விடவில்லை. சாம்பசிவன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லோர் முன்னாலும் கேட்டேன். “உக்காந்திருக்கவனுக்குச் சோறு யாரு கொண்டாருவா?”

முகுந்தன் முந்திக்கொண்டான். “கவுண்டர்ல வாங்கிட்டுப் போய் உக்காந்துக்கிடலாம்.”

சாம்பசிவனைப் பார்த்தேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு என் முதுகில் தட்டினான். “பரவாயில்ல அண்ணாச்சி. நூறு கிலோ சாக்கு எடுக்குந்நவனுக்கு ஒரு தட்டு எடுக்க முடியாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து வருடம் அவன் இலையில் கேட்காமலே பொரியல் வைத்த கை இது. அவன் பெஞ்சு அவனுக்குக் கிடைத்துவிட்டது. அதற்குமேல் உலகத்தில் நியாயம் என்ன வேண்டும்? தொழிலாளி ஐக்கியம் என்று சுவரில் எழுதுகிறவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் ஓட்டலில் வேலை செய்தவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முகுந்தன் மாடிக்கு ஏறி வந்து என் பாய்க்குப் பக்கத்தில் நின்றான். மேசை வந்துவிட்டதால் மூன்று கட்டத்தையும் திங்கட்கிழமையே சேர்த்துத் தொடங்கப்போவதாகச் சொன்னான். “நீங்க மாசக் கடைசி வரைக்கும் இருங்க அண்ணாச்சி. அவசரமில்ல. அப்புறம் மெல்ல ஊருக்குப் போலாம்.”

“அவசரமில்லைன்னா எதுக்குலே ஞாயித்துக்கிழமை ஏணி ஏறி வந்தே?” என்றேன். அவன் இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணி. வரிசை நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொருவனும் குழித்தட்டில் சோறு, பருப்பு, சாம்பார், பொரியல் எல்லாம் வாங்கிக்கொண்டு போனான். முகுந்தன் என்னைப் பார்த்து, “பாத்தீங்களா?” என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். நான் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு தொட்டி அருகிலேயே நின்றேன். எனக்கு வேலை எதுவும் அவன் சொல்லவில்லை.

அந்தப் படிப்பாளி ஒன்றை மறந்துவிட்டான். சாலைக்காரனுக்குச் சாப்பாடு என்பது ஒரு தடவை வாங்கித் தின்கிற பண்டம் இல்லை. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. பள்ளம் அடித்த தட்டில் முதல் சோறுதான் அடங்கும். மறுசோற்றுக்கு அவன் ஓர் ஓரத்தில் பெரிய பாத்திரங்களில் கரண்டி போட்டு வைத்திருந்தான். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டீஸ்.

முதலில் எழுந்தது சாம்பசிவன். வலது கை முழங்கை வரைக்கும் சாம்பார். அந்தக் கையாலேயே சோற்றுக் கரண்டியைப் பிடித்து அள்ளினான். கரண்டிக் காம்பில் நாலு பருக்கையும் ஒரு முருங்கைத் தோலும் ஒட்டிக்கொண்டது. அடுத்து வந்தவர் அந்த ஆரியசாலைச் செட்டியார். டீக்குக் கோபித்துப் போனவர் சோற்றுக்குத் திரும்பியிருந்தார். அவர் காம்பைப் பார்த்தார். சாம்பசிவனைப் பார்த்தார்.

“எச்சிக்கையால கரண்டியத் தொடுதீரே, நீரு மனுசனா?”

“பின்னே எந்து கையால?”

செட்டியார் இடது கையால் கரண்டியை எடுத்தார். பின்னால் நின்றவன் அலறினான். “எடோ, எடத்தே கையாலயா சோறு எடுக்குந்நது? அது எதுக்குள்ள கை?”

வலது கை எச்சில். இடது கை அதற்கும் மோசம். மூன்றாவது கையைப் பற்றி முகுந்தனுக்கு யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை.

வலியசாலைச் சாமி ரசத்துக்கு எழுந்து வந்தார். ரசப் பாத்திரத்தில் கரண்டி முழுதாக உள்ளே விழுந்து கிடந்தது. யாரோ எச்சில் கையை மணிக்கட்டு வரை விட்டு அதைத் துழாவிக்கொண்டிருந்தான். சாமி தட்டைக் கீழே வைத்தார். வாசலுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, வெளிக்குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு நடந்தார். அவர் பின்னால் எட்டுப் பேர் போனார்கள். செட்டியாரும் சாம்பசிவனும் ஒருவர் சாதியை ஒருவர் விசாரிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

முகுந்தன் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினான். வாளியை இடுப்பில் அணைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஊற்றவேண்டும். அவன் குடத்தைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்தான். ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் ஒரு முழுக் கத்தரிக்காய் வந்து உட்கார்ந்தது.

புது ஏற்பாட்டைப் பார்க்க வந்து கல்லாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அழகியநம்பி என்னைப் பார்த்துக் கத்தினார். “வேய் சிவதாணு! வாளிய எடும்வே!”

நான் நகரவில்லை. “மாசக் கடைசிக்கு ஊருக்குப் போகச் சொல்லியாச்சு. போறவன் கையில எதுக்கு வாளி?”

“எந்த மூதி சொன்னான்? நான் இருக்கது வரைக்கும் உம்ம பாய் மேலதான் கிடக்கும்.”

முதலாளியின் வாக்கு நல்ல வாக்குதான். ஆனால் அந்தக் காலைப் பார்த்தேன். துணிக்கு வெளியே விரல் கறுத்திருந்தது. அந்தக் கால் எத்தனை நாள் நடக்குமோ அத்தனை நாள்தான் அந்த வாக்கும் நடக்கும்.

“நீரு சொல்ல வேண்டாம். உம்ம மகன் சொல்லட்டும்.”

கடை முழுக்க என்னைப் பார்த்தது. முகுந்தன் வாளியோடு நின்றான். முகத்தில் பருப்பு.

“இருங்க அண்ணாச்சி” என்றான்.

“எது வரைக்கும்?”

அவனுக்கு இங்கிலீஷ் எதுவும் அப்போது வரவில்லை. “உங்களுக்கு முடியுறது வரைக்கும்.”

“மேசை தொடைக்கதுக்கு ஆளு வேணுமா, இல்ல அதையும் நக்கித் தின்னுக்கிடுவாங்களா? என் காரியத்தையும் சொல்லுலே!” என்று தங்கபாய் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“நீயும் இரு அக்கா.”

“அப்படி வா வழிக்கு.”

அவன் இருபது பேர் முன்னால் சொன்னதால்தான் நம்பினேன். தனியாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். டீயும் டிபனும் அவனிடமே இருக்கட்டும், மத்தியானம் என்னுடையது. இருபத்துநாலு மேசையும் வாசல் பக்கம் நின்றன. உள்ளே மிச்சமிருந்த நாற்காலிகளில் எது எந்த நாள் காணாமல் போகும் என்று இனிமேல் தினமும் எண்ணிக்கொண்டே இருப்பேன். அது வேறு விஷயம்.

வாளியை வாங்கினேன். எச்சிலான பாத்திரங்களை அப்படியே சாக்கடையில் கொட்டச் சொல்லி, உள்ளேயிருந்து புதிதாகச் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தேன். செட்டியாருக்கு ரசத்தை அடியோடு கலக்கி ஊற்றினேன். ஜவுளிக்கடைக்காரருக்கு இரண்டு கரண்டி. பின்பக்கப் பெஞ்சுக்கு வந்தபோது சாம்பசிவன் தட்டை முன்னால் தள்ளி, ஒன்றும் நடக்காததுபோலப் பல்லைக் காட்டினான்.

கலக்காமல் மேலாக, தெளிவை மட்டும் எடுத்து ஊற்றினேன். வெறும் தண்ணீர். ஒரு தக்காளித் தோல்கூட இல்லை.

“அண்ணாச்சி, அடியில இருந்நு கொஞ்சம்…”

“நூறு கிலோ சாக்கு தூக்குதவன்தானே? தட்டை இறுக்கிப் பிடியும், ரசம் வெயிட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன்.